புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்தால் நிவாரணம் எப்படிக் கிடைக்கும்?

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பணம் வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. நம் மாநிலத்துக்கு அதில் மத்திய அரசு 75 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் போடுகின்றன. சேதம் 33 சதவீதத்துக்குக் குறைந்தால் பயிருக்கு ஒன்றும் கிடையாது.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ரப்பர் மரங்கள் பால் பிடிக்கும் சிரட்டையோடு முறிந்து கிடந்தன. மறுநாளே அப்பா வெட்டி ஒதுக்கத் தொடங்கிவிட்டார். கணக்கெடுக்க ஆள் வந்தபோது தோட்டம் சுத்தம்! ஆகவே முதலில் போட்டோ, பிறகு வி.ஏ.ஓ.விடம் மனு. குத்தகை நிலமென்றால் அடங்கலில், அதாவது யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில், யார் பெயர் இருக்கிறதென்று இப்போதே பாருங்கள்.

இது நிவாரணம்தான், முழு இழப்பீடு அல்ல. புதிதாக நட்ட ரப்பர் பால் தர ஏழு வருஷம் ஆகும். வாழைக்காவது காப்பீடு போட்டுவையுங்கள்.