ஐயாயிரம் ரூபாய்ச் சலான்

கேள்வி: சென்னிமலையில் கைத்தறி நெசவு செய்கிறேன். 2011-இல் மகனைத் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்தபோது, வங்கியில் கல்விக் கடன் 3,60,000 ரூபாய் வாங்கினோம். நானும் கையெழுத்திட்டேன். ‘நூறு சதவீதம் வேலை’ என்று கல்லூரி சொன்னது. 2015-இல் முடித்தவனுக்கு உருப்படியான வேலை இன்றுவரை அமையவில்லை. தவணை கட்ட முடியவில்லை. மேலாளர் நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். மனது கேட்காமல் 2023 அக்டோபரில் 5,000 ரூபாய் மட்டும் கட்டினேன். இப்போது கடனை வேறு ஒரு நிறுவனம் வாங்கிவிட்டதாம், 7,80,000 கேட்கிறார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வட்டியைக் குறைப்பதாக அவர்களுடைய ஆள் சொல்கிறார். வீடு போய்விடுமா? கல்லூரி மீது வழக்குப் போடலாமா? வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடலாமா?

பதில்: ஐயா, நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே கால் பக்கம் கல்லூரியும் மேலாளரும்தான். அந்த 5,000 ரூபாய்க்கு ஒரே வரி. உங்கள் வழக்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கல்லூரியை முதலில் ஓரமாக வைப்போம். அது வாக்குறுதி கொடுத்தது உங்களுக்கு. கடன் கொடுத்தது வங்கி. படிப்பு பயன்பட்டதா என்பது வங்கியின் வழக்கில் ஒரு கேள்வியாகவே எழாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அங்கே இரண்டு ஆண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளும் எதிரே நிற்கின்றன. மேலாளர் பேசியது தவறுதான்; அதனால் கடனில் ஒரு ரூபாய் குறையாது.

இனி கணக்கு. நீங்கள் அனுப்பிய அனுமதிக் கடிதத்தின்படி 2016 ஜூன் முதல் 60 தவணைகள். கடைசித் தவணை 2021 மே. ஒவ்வொரு தவணைக்கும் வழக்குப் போட அதன் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் காலவரம்பு. கணக்கு வாராக்கடனான நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிவிட்டு ‘காலாவதியாகிவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அது தப்புக் கணக்கு. அதோடு, கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை உச்ச நீதிமன்றமே கழித்துவிட்டது. ஆக, 2016 முதல் ஏறக்குறைய 2018 அக்டோபர் வரை வந்த தவணைகள் நீங்கள் 5,000 கட்டும் முன்பே காலாவதி. மற்றவற்றுக்கு 2023 அக்டோபரில் உயிர் இருந்தது. அந்த நேரத்தில் போய் 5,000 கட்டிச் சலானில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். காலவரம்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகளைக் கொடுக்கிறது. 2026 அக்டோபர் வரை உங்கள்மீது வழக்குப் போடலாம். கடன் கைமாறியதால் இந்தக் கெடு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. வங்கி முன்பே முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். பீரோவைத் தேடிப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை: இணைக் கடன்தாரர்களில் ஒருவர் கட்டினார் என்பதற்காக மட்டும் இன்னொருவருக்குக் கெடு நீளாது என்கிறது 20-ஆம் பிரிவு. மகனுக்குத் தப்பிக்க ஒரு வாதம் மிஞ்சுகிறது. உங்களுக்கு இல்லை.

இப்போது அந்தப் படிவம். சென்ற ஆண்டு ஒரு தந்தை, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் அப்படி ஒரு படிவத்தின் நகலைக் கொண்டுவந்தார். வட்டித் தள்ளுபடி பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. ‘மேற்படி தொகை முழுவதையும் செலுத்த உறுதியளிக்கிறேன்’ என்று இருந்தது; தேதி போடும் இடம் காலி. ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, காலாவதியான கடனைக்கூடக் கட்டுவதாக எழுத்தில் கொடுத்த உறுதிமொழி செல்லும். செத்த தவணைகளுக்கும் உயிர் கொடுத்து, 7,80,000 என்ற தொகையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். கையெழுத்துப் போடாதீர்கள். ஆள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் போடாதீர்கள்.

வீட்டுக்கு வருவோம். அடமானம் இல்லாத கடன் என்பதால் நேரடியாக ஏலம் விட முடியாது. ஆனால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால் ஜப்தி வரும். உங்கள் தறியைத் தொட முடியாது, அது கைவினைஞரின் கருவி, வீட்டைத் தொடலாம். சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் ஒருதலைத் தீர்ப்பு வரும், அதை 12 ஆண்டுகள்வரை நிறைவேற்றலாம். மகளுக்கு எழுதிவைப்பது இதைவிட மோசம். கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்பார்கள், மகளையும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

ஆகவே சமரசம் பேசுங்கள். உங்களிடம் பெரிய வாதம் எதுவும் இல்லை. இருப்பதை வைத்துத் தொகையைக் குறைக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000 ரூபாய்க்குள் இருந்திருந்தால், படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் அப்போதே இருந்தது. அந்த மானியம் வரவு வைக்கப்பட்டதா என்று கணக்குப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கேட்கும் கடிதத்தில் ‘கடனை ஒப்புக்கொள்ளாமல்’ என்று எழுதுங்கள். அங்கிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு அழைத்தால் போங்கள், ஆனால் பணம் கையில் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். தள்ளுபடி ஆசையில் 12 தவணைக்கு ஒப்புக்கொண்டு மூன்றாவதில் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தவணை தவறினால் தள்ளுபடி ரத்து என்ற வரியை அவர்கள் படித்திருக்கவில்லை. அங்கே போடும் கையெழுத்து தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பணத்தை ஆளிடம் கொடுக்காமல் கடன் கணக்கில் செலுத்துங்கள். ‘முழுத் தீர்வு’ என்ற கடிதத்தைக் கட்டுவதற்கு முன்பும், பாக்கியில்லாச் சான்றைக் கட்டிய பின்பும் வாங்குங்கள்.

படிவத்தை நீட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா என்று கடிதத்தில் எங்கும் இல்லை. போட்டிருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் அதன் நகலை அனுப்புங்கள்.