பையன் பாக்கெட்ல மாத்திரை அட்டை: அக்காகிட்ட கேளுங்க

இந்த தடவ வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பசங்களப் பத்திதான், எல்லாமே சென்னைலருந்து வேற. நாலு மட்டும் எடுத்துருக்கேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க. வழக்கம்போல பேரு எதுவும் போடல.

அக்கா, எனக்கு கொருக்குப்பேட்டை, மூணு வீட்ல பாத்திரம் தேய்க்கிறேன். பையனுக்கு 15 வயசு, பத்தாவதுல ரெண்டு பாடம் போச்சு, அப்பறம் ஸ்கூல் பக்கமே போகல. துவைக்க எடுத்த பேண்ட்ல மாத்திரை அட்டை இருந்துச்சு, பத்துல ஏழு காலி. கேட்டா ஃப்ரெண்டுக்கு வாங்கினதுன்றான். வீட்டுக்காரர் குடிப்பார், தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவார். போலீஸ்க்கு போனா கேஸ் ஆயிடுமா? எங்க போறதுன்னே தெரியல.

மொதல்ல அந்த அட்டையத் தூக்கிப் போட்றாதம்மா, பத்திரமா வை. எல்லாரும் கோவத்துல சாக்கடைல எறிஞ்சிடறாங்க, அப்பறம் டாக்டர் என்ன மாத்திரைன்னு கேட்டா முழிக்கிறாங்க. நம்ம பக்கம் பசங்க எடுக்கறது ரெண்டு வகை, ஒண்ணு வலி மாத்திரை, இன்னொண்ணு தூக்க மாத்திரை. வலி மாத்திரைய பழகினவன் திடீர்னு நிறுத்தினா உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயித்தால போகும், ராத்திரி தூங்க மாட்டான். தூக்க மாத்திரைய அப்படி சட்டுன்னு நிறுத்தினா வலிப்பே வரலாம். அதனால ரூம்ல பூட்டி வச்சு நாமளே நிறுத்திடலாம்னு எறங்காத. இன்னொண்ணும் பாரு, இந்த வெயில்ல முழுக்கை சட்டை போட்டுட்டு சுத்துறானா? அப்படின்னா ஊசியா போட்டுக்கறானோன்னு ஒரு சந்தேகம் வரணும், அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு, ரத்த டெஸ்ட் எடுக்கணும்.

உனக்கு கிட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. காலைலயே போயிடு, ஓ.பி. சீட்டு க்யூ சீக்கிரம் நீண்டுடும், ஒரு வேலை வீட்ல லீவு சொல்லிக்கோ. பையன் வரமாட்டேன்னா பரவால்ல, மொத தடவ நீ மட்டும் போ, அட்டைய எடுத்துட்டு போ. அதுக்கும் முன்னாடி வீட்லருந்தே பேசணும்னா 14446, போதை சம்பந்தமான இலவச நம்பர். காசு கொஞ்சம் பொரட்ட முடியும்னா இந்திரா நகர்ல குடி, போதைய நிறுத்த சிகிச்சை குடுக்கற டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, 1980ல சாந்தி ரங்கநாதன் ஆரம்பிச்சது, அவங்க வீட்டுக்காரரையே குடியில பறிகொடுத்தவங்க. அங்க எனக்குப் பிடிச்ச விஷயம் நோயாளிய மட்டும் பாக்காம வீட்டு ஆளுங்களுக்கும் தனியா உக்கார வச்சு பேசறது. உன் வீட்ல அதுதான் தேவை, ஏன்னா சிகிச்சை வேண்டியது ஒருத்தருக்கு இல்ல, ரெண்டு பேருக்கு (உன்னையும் சேத்தா மூணு பேரு, நீ எப்ப கடைசியா நிம்மதியா தூங்குன?).

கேஸ் பத்தி பயப்படாத. தானா சிகிச்சைக்கு வர்றவன், சொந்தமா எடுத்துக்க கொஞ்சமா வச்சிருந்தவன், அவன் மேல வழக்கு நடத்தக்கூடாதுன்னு போதைப்பொருள் சட்டத்துலயே ஒரு பிரிவு இருக்கு, 64ஏ. மாட்ட வேண்டியது வித்தவன். டாக்டர் சொல்லாம ஒரு கொழந்தைக்கு போதை வஸ்து குடுத்தா 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 7 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். அந்த மெடிக்கல் ஷாப்காரருக்கு இது தெரியுமோ என்னமோ.

அப்பறம் தனியார் மறுவாழ்வு மையம்னு போர்டு போட்ட எடத்துல சேக்காத, மாநில மனநல ஆணையத்துல பதிவு ஆயிருக்கான்னு பாக்காம. எனக்கு தெரிஞ்ச ஒரு பையன அப்படி ஒரு எடத்துல மூணு மாசம் வச்சிருந்தாங்க, வீட்டுக்கு வந்தப்ப முதுகெல்லாம் தழும்பு, வந்த மறுவாரமே பழையபடி.

அந்த ரெண்டு பாடம் பெரிய விஷயமே இல்ல, துணைத்தேர்வு எழுதிக்கலாம். எழுத மாட்டேன்னா எட்டாவது பாஸுக்கே அரசு ஐடிஐல வெல்டர், வயர்மேன் மாதிரி கோர்ஸ் இருக்கு, மாசம் 750 ரூபா உதவித்தொகையும் குடுக்கறாங்க. ஆனா இத இன்னிக்கே அவன்கிட்ட பேசாத, மொதல்ல தூக்கம் சரியாகட்டும். வீட்டுக்காரர்கிட்ட நீயா சொல்லாம அவர் மதிக்கிற ஆள், அவங்க அண்ணனோ சர்ச் ஆளோ கோயில் ஆளோ, யாராச்சும் வழியா சொல்லு. அடி விழும்னு தெரிஞ்சா 1098, கொழந்தைங்களுக்கான நம்பர், ராத்திரி பகல் எப்ப வேணா எடுப்பாங்க.

என் பையனுக்கு 16 வயசுங்க. கூட்டாளிங்களோட பைக்ல போயி செல்போன் பறிச்சாங்கன்னு புடிச்சுட்டாங்க, இப்ப கெல்லீஸ்ல இருக்கான். வெளில எடுக்க ஒரு வக்கீல் நாப்பதாயிரம் கேக்கறார். நான் ஆட்டோ ஓட்றவன். அவன் வாழ்க்கை அவ்ளோதானா மேடம்?

இல்ல சார். நாப்பதாயிரத்த கடன் வாங்காதீங்க, வட்டி கட்டவே ரெண்டு வருஷம் ஓட்டணும். கொழந்தைங்களுக்கு இலவச வக்கீல் குடுக்கணும்னு சட்டம் சொல்லுது, சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் நம்பர் 15100. அந்த வக்கீல் வந்து நிப்பார்.

கெல்லீஸ்ல இருக்கறது ஜெயில் இல்ல, கூர்நோக்கு இல்லம், விசாரணை முடியறவரைக்கும் சின்னப் பசங்கள வைக்கற எடம். உங்க பையன விசாரிக்கறது இளைஞர் நீதிக் குழுமம், ஒரு மாஜிஸ்ட்ரேட், கூட ரெண்டு சமூக சேவகர், அதுல ஒருத்தர் கண்டிப்பா பொம்பள. இந்த வயசுல ஜாமீன் குடுக்கறதுதான் வழக்கம். வெளில விட்டா குற்றவாளிங்களோட சேந்துருவான், இல்ல அவனுக்கே ஆபத்து, இல்ல நீதியே கெட்டுடும்னு அவங்களுக்கு தோணினாதான் மறுப்பாங்க. அதனால நீங்க காட்ட வேண்டியது பணத்த இல்ல, வெளில வந்தா அவன் எங்க இருப்பான், யாரோட இருப்பான்றத. தேனாம்பேட்டைல மாமா வீடு இருக்கு, ஆறு மாசம் அங்க இருக்கட்டும், மெக்கானிக் ஷாப்ல பேசிட்டேன், இப்படி ஏதாச்சும்.

நன்னடத்தை அலுவலர்னு ஒருத்தர் விசாரிச்சு அறிக்கை குடுப்பார். உங்க வீட்டுக்கு வந்தா காபி குடுத்து நல்லவனா நடிக்காதீங்க. நான் ஒரு தடவ அப்படி போன வீட்ல கூட நின்னேன், அப்பா "எங்க வீட்ல ஒரு பிரச்சனையும் இல்ல சார்"னு சொல்லிட்டே இருந்தார், பின்னாடி கதவுல ஒரு பெரிய ஓட்டை, கால்ல உதைச்ச ஓட்டை, அலுவலர் அதையே பாத்துட்டு எழுதிட்டு இருந்தார். உங்க கஷ்டத்த அப்படியே சொல்லுங்க, அந்த அறிக்கைய வச்சுதான் கவுன்சலிங்கா, சமூக சேவையா, கண்காணிப்புல வீட்டுக்கு அனுப்பறதான்னு முடிவு பண்றாங்க.

கத்தி, அடிதடி எதுவும் இல்லாத வெறும் பறிப்புன்னா மூணு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள சின்ன குற்றம்தான், விசாரணைய நாலு மாசத்துல முடிக்கணும், கூடுதலா ரெண்டு மாசம் வாங்கலாம், அதுலயும் முடியலன்னா கேஸையே மூடணும். பின்னாடி வேலைக்கு போறப்ப இது அவனுக்கு தடையா நிக்கக்கூடாதுன்னும் சட்டத்துல எழுதியிருக்கு. பேர், படம் எந்த பேப்பர்லயும் டிவிலயும் வரக்கூடாது, உங்க தெரு வாட்ஸப் க்ரூப்ல சுத்துனாலும் தப்புதான், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வக்கீல்கிட்ட குடுங்க.

பாக்கப் போற அன்னிக்கு திட்டாதீங்க. அந்த வாசல்ல பிஸ்கட் பாக்கெட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் வச்சுட்டு உக்காந்துருக்கற அம்மாங்கள நெறைய பாத்துருக்கேன், அப்பாங்க கம்மி. நீங்க போங்க.

கண்ணகி நகர்ல நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சாயங்காலம் பசங்களுக்கு இலவச டியூஷன் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். வருவாங்களா?

டியூஷன்னு போர்டு போட்டா ஏற்கனவே படிக்கற பசங்கதான் வருவாங்க தம்பி, நீங்க தேடற பையன் வரமாட்டான். அவனுக்கு பந்து வேணும், சாயங்காலம் பசிக்கும்போது சுண்டல் வேணும். உங்க ஏரியாலயே உதாரணம் இருக்கே, கார்த்திகா. 2025ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டில இந்திய கபடி டீம் தங்கம் வாங்குச்சே, அதுல இருந்த பொண்ணு. அந்த கிரவுண்டு கோச்சுங்கள போயி பாருங்க, உங்க பாடத்த கபடி முடிஞ்சதும் வையுங்க, வேர்த்து போயி உக்காந்துருக்கறவன் அரை மணி நேரம் கணக்கு போடுவான். வியாசர்பாடி முல்லை நகர் பக்கம் ஃபுட்பால வச்சே இப்படி பல வருஷமா பண்றாங்க.

ரெண்டு விஷயம் மட்டும் கறாரா இருங்க. ஒரு பெரியவர் தனியா ஒரு பிள்ளையோட ரூம்ல இருக்கக்கூடாது, எப்பவும் ரெண்டு பேர். அப்பறம் பிள்ளைங்க மூஞ்சிய ரீல்ஸ்ல போட்டு டொனேஷன் கேக்காதீங்க. முக்கியமா மூணு மாசத்துல விட்டுட்டு போற ஐடியா இருந்தா ஆரம்பிக்கவே வேணாம், ஏற்கனவே நகரத்துலருந்து தூக்கிட்டு வந்து போட்ட குடும்பங்க அவங்க, விட்டுட்டு போற ஆளுங்கள நெறைய பாத்துட்டாங்க.

எனக்கு 17. நானே விடணும்னு நெனைக்கிறேன் (கஞ்சா). அம்மாக்கு தெரியாம முடியுமா?

இத நீயே டைப் பண்ணி அனுப்பிருக்க பாரு, அதுக்கே ஒரு டீ வாங்கித் தரணும் உனக்கு.

பேசறதுக்கு அம்மா தேவையில்ல. 14416க்கு போடு, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல நம்பர், தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் இருக்கும். 1098க்கும் போடலாம். ஆனா பொய் சொல்ல விரும்பல, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகணும்னு வந்தா 18 ஆகறவரைக்கும் அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போடணும், கூடவும் ஒருத்தர் இருக்கணும். நிறுத்துனதும் ஒரு வாரம் ரெண்டு வாரம் எரிச்சலா இருக்கும், பசிக்காது, கண்ட கனவெல்லாம் வரும், அது போயிடும். காதுல குரல் கேக்கற மாதிரி, யாரோ ஃபாலோ பண்ற மாதிரி இருந்தா மட்டும் காத்துட்டு இருக்காம அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு போ.

உன்கூட கஞ்சா அடிக்கற நாலு பேர்ல ஒருத்தனாச்சும் விடணும்னு நெனப்பான், அவன்கிட்ட மட்டும் சொல்லு. அம்மாகிட்ட எப்படியும் ஒரு நாள் சொல்லத்தான் போற, நேரம் பாத்து சொல்லு. ரேஷன் கடைல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்த அன்னிக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை, சாப்பிட்டு முடிச்சு, அவங்க வெத்தலை மடிக்கும்போது.