தமிழ் நாக்கில் ஆங்கிலம்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

ஆங்கில உச்சரிப்பில் தாய்மொழி எங்கெங்கே குறுக்கே வருகிறது என்று சேலம், ஏற்காடு பக்கத்தவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ஏற்காடு, சுற்றுலா வழிகாட்டி: எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைக் காட்டி ‘பெப்பர்’ என்றால் வெளிநாட்டுக்காரர்கள் முழிக்கிறார்கள். எங்கே தப்பு?

முதல் எழுத்தில். பென்சில், டீ, கப் இவற்றின் முதல் ஒலி ஆங்கிலத்தில் ஒரு ஊதலோடு வெளிவரும். நம் பகரத்தில் அந்தக் காற்று கிடையாது. காற்றில்லாத பகரம் அவர்கள் காதில் பஸ்ஸின் ‘ப’வாக விழுகிறது. டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். ‘பெ’ சொல்லும்போது துண்டு துள்ள வேண்டும். துள்ளவில்லையா, ‘ப்ஹெ’ என்று ஹகரத்தை ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். ஆனால் ‘ஸ்பைஸ்’ சொல்லும்போது துள்ளக் கூடாது. ஸகரத்துக்குப் பின்னால் வருவது அவர்களுக்கும் காற்றில்லாத பகரம்தான். நடுவிலுள்ள ப்ப-வை அழுத்தாதீர்கள். அங்கே ஒற்றைப் பகரமே போதும்.

அதே வழிகாட்டி: ஏற்காட்டை ஆங்கிலத்தில் ‘ஒய்’ போட்டு எழுதுகிறார்களே, ஏன்?

நம் வாய் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். எ, ஏ சொல்லின் முதலில் வந்தால் பேச்சில் முன்னால் ஒரு யகரம் ஒட்டிக்கொள்ளும்: ‘யேற்காடு’. கடைசியில் ‘காடு’ என்பதில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் டகரம் மெலிந்து டாக்டரின் ‘ட’ ஆகிவிட்டது. அதற்குப் பின்னுள்ள குற்றியலுகரம் அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. ஓர் ஊர்ப் பெயரில் தமிழ் ஒலியின் மூன்று இயல்புகள் இருக்கின்றன.

‘எவ்ரி’யை ‘யெவ்ரி’ என்றும், ‘ஓல்ட்’டை ‘வோல்ட்’ என்றும் சொல்ல வைப்பதும் இதே பழக்கம்தான். எகரத்துக்கு வாயை முதலில் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு குரலைத் தொடங்குங்கள். திறந்துகொண்டே குரல் கொடுத்தால் யகரம் நுழைந்துவிடும். ஒகரத்துக்கு உதட்டை முன்கூட்டியே குவித்துவிட்டால் வகரம் வராது.

ஓமலூர், பிளஸ் டூ மாணவி: கப்பு, புக்கு, ரோடு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இது அறியாமையா சார்?

இல்லை கண்ணு, இலக்கணம். வல்லின மெய் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் வராது. அதனால் வாய் தானாக ஓர் உகரத்தைச் சேர்க்கிறது. ‘நோட்டு’ என்று இரட்டிக்கிறோம், ‘ரோடு’ என்று ஒற்றையாக விடுகிறோம், கவனித்தாயா? முதலாவதில் டீயின் வன்மையான டகரம், இரண்டாவதில் டாக்டரின் மெலிந்த டகரம். இரண்டும் வேறு என்பது தமிழ்க் காதுக்கு நன்றாகத் தெரியும். அதை இரட்டித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

உகரத்தை விட ஒரு வழி: ‘கப்’ என்று உதட்டை மூடியதும் திறக்காதே. மனதில் ஒன்று எண்ணி, அடுத்த சொல்லுக்குப் போய்விடு. இன்னொன்று. இருக்கை, விதை இரண்டுக்கும் தமிழில் ‘சீட்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் விதையின் ‘ஈ’ நீளமாகவும் இருக்கையின் ‘ஈ’ குட்டையாகவும் ஒலிக்கும். கடைசி மெய்யைவிட இந்த நீளம்தான் கேட்பவருக்கு அடையாளம்.

சேலம், ஐடிஐ பயிற்சியாளர்: துத்தநாகமும் சிங்க், பாத்திரம் கழுவும் தொட்டியும் சிங்க். எப்படிப் பிரிப்பது?

கழுத்தில் இரண்டு விரல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூன்று விநாடி இழுங்கள். நாக்கை அசைக்காமல் குரலைச் சேருங்கள். தொண்டை அதிர்ந்தால் துத்தநாகத்தின் முதல் ஒலி கிடைத்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டினால் ஜகரமாகிவிடும். ‘ஜிங்க்’ என்று கேட்பது அதனால்தான்.

கடைசிப் பகுதியிலும் ஒரு குழி உண்டு. தங்கம், பந்து, கம்பு என்று மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் எப்போதும் மெலித்தே சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘அங்கிள்’, ‘சிம்பிள்’, ‘டெம்பிள்’ எல்லாவற்றிலும் மெலிந்த ஒலி வந்துவிடுகிறது. ‘அங்’ என்று நிறுத்தி, தொண்டை அதிர்வு அடங்கியபின் ‘கிள்’ சொல்லுங்கள். நாளாக ஆக இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேட்டூர், கால் சென்டர் வேலைக்குத் தயாராகிறவர்: என் டகரம் ‘இந்தியத்தனமாக’ இருக்கிறதாம். மாற்றியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. நாக்கை மடித்துச் சொல்லும் டகரம் இந்தியா முழுக்க உள்ளது, யாருக்கும் பொருள் மாறுவதில்லை. உழைப்பை மேலே சொன்ன பகரத்திலும், கீழே வரும் வகரத்திலும் போடுங்கள். வேண்டுமென்றால் வழி எளிது: ‘மன்’ என்று சொல்லி, னகரத்தில் நாக்கு நிற்கும் இடத்திலேயே வைத்து வெடிக்க விடுங்கள். அதுதான் ஆங்கில டகரத்தின் இடம். தமிழ் ற்ற-வின் பழைய இடமும் அதுவே. ஈழத்தில் டிக்கெட்டை ‘ரிக்கற்’ என்று எழுதுவதை நினைத்துப் பாருங்கள்.

வாழப்பாடி, கல்லூரி மாணவர்: அமெரிக்க ரகரம் வரவே மாட்டேன் என்கிறது.

அதற்கு மிக நெருங்கிய ஒலி உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது தம்பி. ‘வாளப்பாடி’ என்காமல் ழகரத்தோடு சொல்லுங்கள். நாக்கு எங்கேயும் தொடாது. அதே நாக்கோடு ‘ழெட்’ என்று தொடங்கினால் சிவப்பைக் குறிக்கும் சொல் ஏறக்குறைய வந்துவிடும்.

ஆத்தூர், ஆசிரியை: ‘திஸ்’, ‘திங்க்’ இரண்டையும் பிள்ளைகள் ஒரே தகரத்தில் சொல்கிறார்கள்.

‘அது’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள் டீச்சர். நடுவில் வரும் மெல்லிய தகரம்தான் ‘திஸ்’ஸின் முதல் ஒலிக்குப் பக்கம். ‘திங்க்’குக்கு நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் காட்டி, குரலில்லாமல் காற்றை மட்டும் விட வேண்டும்.

பொன்னம்மாபேட்டை, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்: எங்களுக்குப் பகரத்தில் தடுமாற்றமில்லை. ஆனால் மேற்கு ‘வெஸ்ட்’டும் பனியன் ‘வெஸ்ட்’டும் குழம்புகின்றன.

சௌராஷ்டிரம் இந்தோ-ஆரிய மொழி. மெலிந்த பகரமும் மூச்சோடு வரும் பகரமும் அதில் தனித்தனியாக உள்ளன. உங்களுக்கு அது பெரிய கைமுதல். வகரமோ தமிழ், தெலுங்கு, உருது பேசுகிற எல்லாருக்கும் பொதுச் சிக்கல், ஏனென்றால் நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பனியனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டு உதடு கூச வேண்டும். மேற்குக்குப் பல் படவே கூடாது. ‘ஊ’ என்று உதட்டைக் குவித்து ‘ஊ-எஸ்ட்’ என்று வேகமாகச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினால் பல் தெரிவதை வைத்தே பிழையைப் பிடித்துவிடலாம்.