கான்வெக்ஸ் ஹல் ட்ரிக்: எந்தக் கோட்டைத் தூக்கி எறியலாம்?

கேள்வி: ஒவ்வொரு டிபி (டைனமிக் புரோகிராமிங்: சிறு விடைகளைச் சேமித்துப் பெரிய விடை காணும் முறை) நிலைக்கும் முந்தைய எல்லா நிலைகளின் mx + c மதிப்புகளிலும் சிறியது வேண்டும். n = 2,00,000. இரட்டை லூப் போட்டால் டைம் லிமிட் தாண்டுகிறது. என்ன வழி?

தாண்டத்தான் செய்யும். சுமார் 2,000 கோடி ஒப்பீடுகள். வழி கான்வெக்ஸ் ஹல் ட்ரிக்: ஒவ்வொரு mx + c-யும் ஒரு கோடு; எந்த x-இலும் மிகச் சிறியதாக வராத கோடுகளை எறிந்துவிட்டு, மீதியில் மட்டும் தேடுவது.

கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் ஏற்ற மூன்று லாரிகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கிலோமீட்டருக்கு 40 ரூபாய் மட்டும். இரண்டாவது 200 + 30x (x என்பது கிலோமீட்டர்). மூன்றாவது 300 + 20x. முதலாவதும் மூன்றாவதும் 15 கிலோமீட்டரில் சமம், இரண்டுமே 600. அங்கே இரண்டாவது 650 கேட்கிறது. 15க்குக் கீழே முதல் லாரி, மேலே மூன்றாவது. நடு லாரிக்கு எந்தத் தூரத்திலும் வேலையில்லை. கழற்றிவிடலாம்.

ஒவ்வொரு லாரியும் ஒரு கோடு: கிலோமீட்டர் விலை m (சாய்வு), தொடக்கத் தொகை c. சாய்வு இறங்குவரிசையில் கோடுகள் வரும்போது, அடுத்தடுத்த மூன்று கோடுகளுக்கும் சோதனை இதுதான்: (c3−c1)(m1−m2) ≤ (c2−c1)(m1−m3) என்றால் நடுக்கோட்டை நீக்கு. இங்கே 300×10 = 3,000; 200×20 = 4,000. நீக்கு. நீக்கியதும் நிறுத்தாதீர்கள், அதற்கு முந்தைய கோட்டையும் சோதியுங்கள். ஒரு கோடு ஒருமுறைதான் நுழையும், ஒருமுறைதான் போகும். மொத்தம் n அளவு வேலை. x ஏறுவரிசையில் வந்தால் ஒரு பாயிண்டரை (இப்போதைய சிறந்த கோட்டைக் காட்டும் குறி) நகர்த்தினால் போதும், இல்லையென்றால் பைனரி சர்ச் (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது).

பலரும் சறுக்குவது பெருக்கலில். m 10⁹, c 10¹⁸ வரை போனால் 64 பிட் முழு எண்ணில் அடங்காமல் நிரம்பி வழியும். 128 பிட் எடுங்கள். சாய்வு சமமானால் சிறிய c உள்ளதை மட்டும் வையுங்கள். கோடுகளை நீக்கியபின் பாயிண்டர் பட்டியலுக்கு வெளியே நிற்கலாம், கடைசிக் கோட்டுக்கு இழுத்துவிடுங்கள்.

சாய்வு வரிசையே இல்லையா? லீ சாவ் ட்ரீ (x வீச்சைப் பாதி பாதியாகப் பிரித்துக் கோடுகளை வைக்கும் மர அமைப்பு) எழுதுங்கள். என் பார்வையில் பிழை குறைவாக வருவது அதில்தான்.