பாதியில் வைத்த மூன்று நாவல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. நிறையப் படிப்பாள். 8 முதல் 12 வயதுக்கான மிடில் கிரேடு நாவல்களை அனேகமாக முடித்துவிட்டாள். சென்ற மாதம் பள்ளியில் வாசிப்புத் திறனை அளக்கும் லெக்சைல் தேர்வு வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அளவுக்கு வந்திருக்கிறது. சரி, பதின்வயதினருக்கான யங் அடல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று மூன்று நாவல்கள் வாங்கிக் கொடுத்தேன். மூன்றையும் பாதியில் வைத்துவிட்டாள். ஏற்கெனவே ஐந்தாறு முறை படித்த ஒரே புத்தகத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இணையத்தில் தேடினால் அதே பத்துப் பெயர்கள்தான் வருகின்றன. அவள் தரத்துக்கு ஏற்ற புதிய நாவல்களை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் இந்த வயதுக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கும் தமிழ் படிக்க வராது. ஆகவே ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் ஐந்தாறு முறை படித்த அந்தப் புத்தகத்தின் பெயரைக் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. பாதியில் வைத்த மூன்றின் பெயர்களும் இல்லை. தேர்வு முடிவு மட்டும் இருக்கிறது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது என்பதால் பதில் நீளும். கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புத்தகத்தில் லெக்சைல் அளப்பது இரண்டே விஷயங்களை. வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு அரிதானவை. கதை எதைப் பற்றியது, யாருக்கு அது பிடிபடும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலுக்கு அந்த அளவையில் 680. அமெரிக்காவில் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வகுத்திருக்கும் வரம்பு 420 முதல் 820 வரை. நிலம் பறிபோன குடும்பம் பசியோடு ஊர் விட்டு ஊர் போய், பிள்ளையை இழந்த ஒரு பெண்ணின் காட்சியில் முடிகிற நாவல் அது. பேச்சுமொழியில் குட்டிக் குட்டி வாக்கியங்களாக நிறைய எழுதப்பட்டிருப்பதால் எண் குறைகிறது, அவ்வளவுதான். இதை நம்பி எட்டு வயதுக் குழந்தையிடம் அந்த நாவலை யாராவது கொடுப்பார்களா? ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் அந்த எண்ணை நம்பினீர்கள்.

மிடில் கிரேடு முடிந்ததும் ஏறவேண்டிய அடுத்த வகுப்பு யங் அடல்ட் என்று நினைத்ததுதான் தவறு. மொழியின் கடினத்தால் பிரிந்தவை அல்ல இவை. நல்ல மிடில் கிரேடு நாவலின் மொழி, பல யங் அடல்ட் நாவல்களைவிட அடர்த்தியானது. பதிப்பாளர்கள் கணக்கில் மிடில் கிரேடு என்பது 8 முதல் 12 வயதுக்கு, நாயகன் நாயகிக்கு 10 முதல் 13 இருக்கும். யங் அடல்ட் 12 முதல் 18 வயதுக்கு, நாயகிக்குப் பெரும்பாலும் 16, 17. பிள்ளைகள் தங்களைவிட ஓரிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள். ஆறு வயது இடைவெளி வேறு விஷயம்.

ஒரு வீட்டில் தாத்தா இறந்துபோகிறார் என்று வையுங்கள். மிடில் கிரேடு நாவலில் அந்தப் பெண், இனி அந்த ஈஸிசேரில் யார் உட்காருவார்கள், மொட்டை மாடித் தொட்டிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள், அப்பா ஏன் சாப்பிடாமல் எழுந்து போகிறார் என்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதே சாவு யங் அடல்ட்டில் வந்தால், அவர் இல்லாமல் நான் யார், இந்த வீட்டை விட்டு நான் போகலாமா என்று அவள் தனக்குள்ளேயே திரும்பிவிடுவாள். பெரும்பாலும் ‘நான்’ என்று தன்மையில்தான் கதை நடக்கும். 11 வயதில் வீட்டைப் பார்க்கிற கண்தான் விழித்திருக்கிறது. அது பிஞ்சுக் கண் என்று யார் சொன்னது? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-ல் பவுக்கர் நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், யங் அடல்ட் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அந்த அலமாரி உங்கள் மகளை மனதில் வைத்து அடுக்கப்பட்டது அல்ல. அவளுக்கு வேண்டியது ‘அப்பர் மிடில் கிரேடு’ என்று 10 முதல் 14 வயதுக்குச் சொல்கிறார்களே, அது. கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மூன்று நாவல்களும் எந்தப் பக்கத்தில் நின்றன என்று பார்த்தீர்களா? “ஏன் பிடிக்கவில்லை?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் “போர்” என்பதற்கு மேல் சொல்லாது. அடையாளத்துக்கு வைத்த தாள் சொல்லும். 20, 30-ஆம் பக்கத்தில் நின்றிருந்தால் சொல்கிற குரல் அவளுக்கு ஒட்டவில்லை. 120-க்கு மேல் போய் நின்றிருந்தால் குரல் பிடித்திருக்கிறது, கதை அவளுக்கு ஆகாத பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் நீங்கள் படியுங்கள்.

புதுப் புத்தகம் தேட இணையத்தில் உட்காரவேண்டாம். திரும்பத் திரும்பப் படிக்கிறாளே, அந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். முதுகின் அடியில் ஒரு சின்னம் இருக்கும், அதுதான் இம்ப்ரிண்ட், பதிப்பகத்துக்குள் இருக்கும் தனிப் பதிப்புப் பெயர். பெரிய நிறுவனத்தின் பெயரைவிட அது முக்கியம், ஒரே ரசனை கொண்ட சிலர் தேர்ந்தெடுக்கிற வரிசை அது. இந்தியாவில் டக்பில் என்ற சிறார் பதிப்பகம் 2012-ல் தொடங்கி, 2019-ல் பெங்குவின் ராண்டம் ஹவுஸுக்குள் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சின்னத்தைத் தேடி எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்து, அமெரிக்கப் பதிப்பு என்றால் பதிப்புரிமைப் பக்கத்தில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் குறிப்பு இருக்கும். இரண்டு வரிக் கதைச்சுருக்கம், சிலவற்றில் வயது, அப்புறம் ‘சகோதரிகள் – புனைவு’, ‘துக்கம் – புனைவு’ என்று பொருள் தலைப்புகள். பிரிட்டிஷ் பதிப்பில் பெரும்பாலும் இது இருக்காது. அந்த நூலகத்தின் இணையப் பட்டியலில் புத்தகப் பெயரைப் போட்டால் அதே தலைப்புகள் கிடைக்கும். தலைப்பைச் சொடுக்கினால் அதே பொருளில் எழுதப்பட்ட மற்ற நாவல்கள் வரிசையாக வரும்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது கடைசிப் பக்கத்து நன்றியுரையை. கைப்பிரதியை முதலில் படித்த எழுத்தாள நண்பர்களுக்கும் பதிப்பாசிரியருக்கும் அங்கே பெயர் சொல்லி நன்றி சொல்லியிருப்பார்கள். மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்கள் எழுதியது என்ன என்று தேடுங்கள். விளம்பரம் காட்டாத புத்தகங்கள் இப்படித்தான் கைக்கு வரும். உங்கள் மகளிடமே இந்த வேலையைக் கொடுங்கள், துப்பறிகிற மாதிரி செய்வாள்.

பரிசுப் பட்டியல்களையும் கேட்பீர்கள். அமெரிக்காவின் நியூபெரி பரிசு 1922-லிருந்து கொடுக்கப்படுகிறது, 14 வயது வரைக்கானது. அங்கேயே யங் அடல்ட்டுக்கான பிரிண்ட்ஸ் 2000-லிருந்து, 12 முதல் 18 வயதுக்கு. இரண்டையும் பெரும்பாலும் ஜனவரிக் கடைசியில் அறிவிப்பார்கள். பரிசு பெற்றதை எல்லாரும் வாங்குவார்கள், நீங்கள் அதற்கு அடுத்த நிலையில் பாராட்டப்பட்ட ‘ஹானர்’ பட்டியலைப் பாருங்கள். இந்த வருடத்துப் பட்டியலை அல்ல, போன வருடத்து அல்லது அதற்கு முந்தியதை. கெட்டி அட்டை வந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் பேப்பர்பேக் வரும், நம் ஊருக்கும் அதுதான் கட்டுப்படியான விலையில் வருகிறது. இந்தியக் கதைகள் வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே கொடுக்கப்படும் நீவ் புத்தகப் பரிசின் குறும்பட்டியல்கள் 2018-லிருந்து இருக்கின்றன.

கடை விஷயம் உங்களுக்கே தெரியும். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோடு இறங்கினால் சர்ச் ஸ்ட்ரீட், அங்கே பிளாசம், புக்வோர்ம் புத்தகக் கடைகள். குக் டவுனில் குழந்தைகளுக்கென்றே லைட்ரூம் இருக்கிறது. இரண்டு எச்சரிக்கை மட்டும். பழைய புத்தகங்களில் தொடர் நாவலின் மூன்றாம் பாகம் முதல் பாகம் மாதிரியே கிடக்கும், ‘இதே ஆசிரியரின் நூல்கள்’ பக்கத்தில் வரிசை எண்ணைப் பாருங்கள். கிளாசிக் என்று எடுத்தால் உள்தலைப்பில் ‘அப்ரிட்ஜ்டு’, அதாவது சுருக்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போய் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் பக்கமும் நடுவில் ஒரு பக்கமும் அவள் படித்துப் பார்க்கட்டும், நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

தமிழில் ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, அதைப் பேசாமல் விடமுடியவில்லை. தேடிப் பார்த்துவிட்டா எழுதினீர்கள்? சாகித்ய அகாதெமி 2010-லிருந்து தமிழுக்கும் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. 15, 16 வயதுக்கான நாவல்கள் நம்மிடம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகளுக்கு 11. வானம் பதிப்பகம், புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளைப் பாருங்கள். அதே பர்ப்பிள் லைனில் அல்சூரில் இறங்கி, ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒரு நடை போங்கள். அவளுக்குப் படிக்க வராது என்றால் உங்களுக்கு வருமே, இவ்வளவு நல்ல தமிழில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் சத்தமாக வாசியுங்கள். நூறு பக்க நாவல் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் போனால் அடுத்த பத்தியை அவளே எட்டிப் பார்ப்பாள்.

அந்த மூன்று நாவல்களையும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ‘முடிக்கவில்லையே’ என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. உள்ளே இருக்கும் அடையாளத் தாளை எடுத்துவிட்டு, அவள் கைக்கு எட்டும் தட்டிலேயே வைத்துவிடுங்கள். 14 வயதில் முதல் பக்கத்திலிருந்து எடுப்பாள்.

அடுத்த கடிதத்தில் அவள் திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகத்தின் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்.