எந்தப் புத்தகம் சொல்வது சரி?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமாகி பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருக்கிறோம். என்னிடம் 2024 விதிப்புத்தகம், தோழியிடம் 2014. அவளுடைய பாலடின் (தெய்வ சக்தி கொண்ட போர்வீரன்) ஒரே முறையில் இரண்டு அடியிலும் ஸ்மைட் (அடியோடு சேரும் கூடுதல் தாக்கு) போடுகிறது. என் புத்தகத்தில் ஒன்றுதான். மாமா வேறு இதே ஆட்டத்தின் பழைய பதிப்பான தன் 1983 சிவப்புப் பெட்டியைக் கொடுத்து, இதுதான் அசல் என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி

பதில்: மூன்று பேர் சொல்வதும் சரிதான், வம்பே அங்கேதான். 2024இல் வந்ததை ஆறாம் பதிப்பு என்று சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் திருத்தம் என்று சொல்லி, அதே பெயரில் விட்டுவிட்டார்கள்.

2014 விதிப்படி, அடி பட்டதும் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது கையிருப்பில் உள்ள மந்திர வாய்ப்பு ஒன்றை, கொடுத்தால் ஸ்மைட். ஐந்தாம் லெவலில் பாலடினுக்கு இரண்டு அடி என்பதால் இரண்டிலும் போடலாம். 2024இல் ஸ்மைட் ஒரு மந்திரமாகிவிட்டது, கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் கேட்கும். அது முறைக்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு, எதிரி மந்திரவாதி கவுன்டர்ஸ்பெல் என்ற எதிர்மந்திரம் போட்டுத் தடுக்கவும் பார்க்கலாம். பாலடின் ஆடுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல். ஆட்டத்தை நடத்துகிற எனக்கு நிம்மதி. பார்த்துப் பார்த்து வைத்த அரக்கன் முதல் சுற்றிலேயே சாய்வதில்லை.

ஸ்மைட்டாவது கண்ணுக்குத் தெரிகிற சண்டை. கதாபாத்திரத்தின் கணக்கெல்லாம் எழுதும் கேரக்டர் ஷீட்டைப் பாருங்கள். 2014இல் எல்ஃப் இனம் என்பதற்காகவே டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பு எண்ணில்) 2 கூடும். 2024இல் அந்தக் கூடுதல் பின்னணியிலிருந்து, அதாவது கதாபாத்திரம் முன்பு என்னவாக இருந்தது என்பதிலிருந்து, வருகிறது. எல்ஃபை அதிலிருந்தும் பின்னணியை இதிலிருந்தும் எடுத்தால் இரண்டு பக்கமும் வசூல். பழைய இனத்தை எடுத்தால் அதன் கூடுதலை விட்டுவிடச் சொல்லிப் புதிய புத்தகமே எழுதியிருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

அடுத்து உட்காரும் முன் ஆண்டைச் சொல்லி ஒன்றை முடிவு பண்ணுங்கள். எல்லோரும் புதியவர்கள் என்றால் என் ஓட்டு 2024க்கு. காயம் ஆற்றும் மந்திரமான க்யூர் வூண்ட்ஸ் ஒரு எட்டுமுகப் பகடையிலிருந்து இரண்டாகியிருக்கிறது, மருந்தைப் போனஸ் ஆக்‌ஷனிலேயே குடித்துவிடலாம். தோழி ஸ்மைட்டை விட்டுத்தர மாட்டேன் என்றால் எல்லோரும் 2014க்குப் போங்கள், தப்பில்லை. பாதி இது பாதி அது மட்டும் வேண்டாம்.

சிவப்புப் பெட்டியை இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதில் எல்ஃப் என்பது இனம் மட்டுமல்ல, கிளாஸும் (பாலடின் மாதிரியான தொழில்) அதுதான். கவசக் கணக்கும் தலைகீழ்: வெறும் உடம்புக்கு 9, பிளேட் மெயில் என்ற உலோகக் கவசத்துக்கு 3, கேடயமும் சேர்ந்தால் 2. எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு. 2000இல் மூன்றாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது. இப்போது பிளேட்டுக்கு 18. ஆனால் நல்ல பெட்டி அது, தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பாருங்கள். ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர் வேலையை மாமாவிடமே கொடுத்துவிடுங்கள்.