நான்காவது ஆள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு நண்பர்கள். அடுத்த கோடையில் ஒரு லிட்டர் இன்ஜின் கொண்ட பழைய கார் ஒன்றை வாங்கி, ஐரோப்பாவில் கிளம்பி மத்திய ஆசியா வழியாக மங்கோலியா வரை போவதாக இருக்கிறோம். மங்கோல் ராலி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே பாணிதான். பரிசு கிடையாது, பின்னால் உதவி வண்டி கிடையாது, வழியை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியது. வண்டி எங்காவது படுத்துவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுவோம். அணிக்குப் பெயர் வைத்து டி-ஷர்ட்டும் அச்சடித்துவிட்டோம். கேமரா, ட்ரோன் எல்லாம் தயார்.

ஒரே சிக்கல். நால்வரில் ஒருவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, மெக்கானிக் வேலையும் தெரியாது. அவனுக்குப் பதில் ஓட்டத் தெரிந்த வேறொருவரைச் சேர்க்கலாம் என்கிறார்கள் மற்ற இருவரும். அவன் என் பள்ளித்தோழன். அழைத்துப் போவதா, விட்டுவிடுவதா? இந்தத் திட்டமே பைத்தியக்காரத்தனம் என்கிறார் அப்பா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அதை விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் பொருத்தமானது. கொஞ்ச நாளாகவே நான் 1907-ல்தான் இருக்கிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் 'லெ மத்தான்' என்ற பாரிஸ் நாளிதழ் ஒரு சவால் விட்டது: பீக்கிங்கிலிருந்து, அதாவது இன்றைய பெய்ஜிங்கிலிருந்து, பாரிஸ் வரை காரில் வர யாராவது தயாரா? ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகள் கிளம்பின. ரோடு என்று சொல்ல வழியில் பெரிதாக ஒன்றும் இல்லை. தந்திக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே கோபி பாலைவனத்தைக் கடந்தார்கள். பெட்ரோலை முன்கூட்டியே ஒட்டகங்களில் அனுப்பி வைத்திருந்தார்கள்.

ஐந்தில் ஒன்று மூன்று சக்கர வண்டி. காண்டால் என்று பெயர். அதை ஓட்டி வந்த ஒகுஸ்த் போன்ஸும் அவருடைய மெக்கானிக்கும் கோபியில் பெட்ரோல் தீர்ந்து நின்றுபோனார்கள். மற்ற வண்டிகள் முன்னால் போயாயிற்று. தண்ணீரும் தீர்ந்து, சாகக் கிடந்தவர்களை அந்தப் பக்கம் வந்த மங்கோலிய நாடோடிகள் காப்பாற்றினார்கள். வண்டி பாலைவனத்தோடு போயிற்று.

ஜெயித்தது இத்தாலிய இளவரசர் ஷிபியோனே போர்கேஸேயின் இத்தாலா கார். ஆகஸ்ட் 10 அன்று பாரிஸை அடைந்தது. அடுத்த வண்டிகள் வந்து சேர மேலும் 20 நாள் ஆயிற்று. போர்கேஸேயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாமவர் மெக்கானிக் எத்தோரே குயிட்சார்தி. மூன்றாமவர் லுயிஜி பர்சீனி, பத்திரிகைக்காரர். ஓட்டவோ பழுது பார்க்கவோ வந்தவரல்ல, எழுத வந்தவர். கோபியில் பாங்-கியாங் என்ற இடத்துத் தந்தி அலுவலகத்தில் அவர் கொடுத்த தந்திக்கு 'எண் 1' என்று போட்டார்களாம். இன்றைக்கு இதுதான் முதல் தந்தியா என்று கேட்டால், அலுவலகம் திறந்த நாளிலிருந்தே அதுதான் முதல் தந்தி! அந்தப் பயணம் இன்றுவரை பேசப்படுவதற்கு அந்த மூன்றாம் ஆள்தான் காரணம்.

உடனே உங்கள் நண்பனை எழுத்தாளனாகக் கூட்டிப் போகச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். எழுதுகிறவர்கள் இப்போதே தேவைக்கு மேல் இருக்கிறார்கள். அவனுக்கு நான் பார்த்து வைத்திருக்கும் வேலை வேறு.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அவனுக்கு மெக்கானிக் வேலை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. உங்கள் மூவருக்கும் தெரியும் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்? கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். ட்ரோன் இருக்கிறது, டி-ஷர்ட் இருக்கிறது. ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட் இல்லை. ஒரு ஜாக்கி இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தெரிந்த மூவர், பிடிக்கத் தெரியாத ஒருவனைப் பார்த்து 'இவன் எதற்கு' என்று கேட்கிறீர்கள். பழைய வண்டியில் ஓட்டத் தெரிவது ஒரு தகுதியே இல்லை. ஓடும்போது யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். நின்ற பிறகுதான் யார் யாரென்று தெரியும்.

நான் சிறுவயதில் நண்பர்களோடு இப்படி ஓட்டை வண்டிகளில் நிறையச் சுற்றியவன். ஒரு மலை ஏற்றத்தில், நல்ல இருட்டில், ஃபேன் பெல்ட் அறுந்தது. சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது, பின்னாலேயே ஹீட் முள் ஏறியது. அந்தக் காலத்து இன்ஜினில் அந்த ஒற்றை பெல்ட்தான் விசிறியையும் வாட்டர் பம்ப்பையும் டைனமோவையும் சுற்றும். அது போனால் மூன்றும் போயிற்று. இன்னும் கொஞ்சம் ஓட்டுவோம் என்றால் சூடேறி, ஹெட் கேஸ்கட் என்னும் இன்ஜினின் அடைப்புத் தகடு போய்விடும். எங்களில் கை வேலை தெரிந்தவன் ஒருவன்தான். பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டான். வண்டியைப் பிரமாதமாக ஓட்டிவந்த ஒருவன் பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொரு பிரமாதமான டிரைவர் பின் சீட்டில் தூங்கிவிட்டான். எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. நான் டார்ச் பிடித்தேன்.

சிரிக்காதீர்கள். டார்ச் பிடிப்பது லேசான வேலை இல்லை. வெளிச்சம் அவன் கையின் மேல் விழக் கூடாது, கண் போகும் இடத்தில் விழ வேண்டும். அவனுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் அவன் கை நிழலே அவனை மறைக்கும். அவன் நிமிரும்போது வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும். கழற்றிய போல்ட்டையும் வாஷரையும் வரிசை மாறாமல் இடது உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும். டைனமோ போல்ட்டைத் தளர்த்தியதும் அவன் கையை நீட்டுவான், வாயால் கேட்க மாட்டான். புது பெல்ட் அந்தக் கைக்குப் போக வேண்டும். பெல்ட்டை மாட்டி, டைனமோவை ஒரு கட்டையால் நெம்பிப் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் அமுங்குகிறதா என்று பார்ப்பான். அந்த நேரத்தில் நெம்புகட்டையை இன்னொரு கை பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே 'என்னடா ஆச்சு, சரியாகிவிடுமா?' என்று ஒரு முறைகூடக் கேட்கக் கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

நட்பைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். பேசாமல் டார்ச் பிடிப்பவனைப் பற்றி யாரும் எழுதக் காணோம். இதை நான் எங்கே ஆரம்பித்தாலும் நண்பர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

இத்தாலா விஷயத்துக்கு வருகிறேன். பைக்கால் ஏரிப் பக்கம் ஒரு மரப்பாலம் உடைந்து அந்தக் கார் பின்பக்கமாகக் கீழே விழுந்தது. தூக்கி மேலே கொண்டுவந்தவர்கள் ரயில்பாதை வேலையாட்கள். பிற்பாடு ரஷ்யாவில் ஒரு மரச்சக்கரம் முறிந்தது. ஒரு கிராமத்துத் தச்சர் கோடரியை மட்டுமே முக்கியக் கருவியாக வைத்துக்கொண்டு அதைச் செய்துகொடுத்தார். கோடரியால் சக்கரத்தின் ஆரங்களைச் செதுக்கிப் பொருத்துவது என்றால் எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சக்கரம் இல்லையென்றால் இளவரசர் பாரிஸில் கையசைத்திருக்க முடியாது. இந்தப் பயணங்களில் வழியில் இருப்பவர்கள்தான் வண்டியை நகர்த்துகிறார்கள். நீங்கள் சாகசம் என்று கிளம்பும் மத்திய ஆசிய வழியில், மலைகளுக்கு நடுவே போகும் பாமிர் நெடுஞ்சாலையில் ஒருவர் இதைவிடப் பழைய வண்டியில் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். உங்கள் வண்டி நின்றால் இறங்கி வருவார். அவரை ட்ரோனில் படம் எடுக்காதீர்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள்.

1968-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு ராலி நடந்தது. காபூல் வழியாக பம்பாய் வரை தரைவழி, அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா, மறுபடி தரைவழி. கடைசிக் கட்டத்தில், சிட்னியை நெருங்கும்போது, முதலிடத்தில் இருந்த லூசியன் பியாங்கி, ஜான்-குளோத் ஓஜியே இருவரின் சித்ரோயன் எதிரே வந்த காரோடு மோதியது. அங்கே வந்து சேர்ந்தவர் பேடி ஹாப்கிர்க், பெரிய ராலி வீரர். வெற்றிக்கான வாய்ப்பு அவருக்கும் இருந்தது. இத்தனை ஆயிரம் மைல் வந்தாயிற்று, பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று போயிருக்கலாம். நிறுத்தி, தீப்பிடிக்கத் தொடங்கிய வண்டிகளிலிருந்து ஆட்களை மீட்கப் போனார். பந்தயத்தில் இரண்டாமிடம்தான் கிடைத்தது. ஜெயித்தது ஹில்மன் ஹன்டர், சாதாரணக் குடும்பக் கார். எனக்குப் பிடித்த ராலிக்காரர் ஹாப்கிர்க்தான்.

சரி, உங்கள் நண்பன். அவனைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று உண்டு. அதை உங்கள் ஆட்கள் சொல்லவே இல்லை. எடை. பாமிர் நெடுஞ்சாலையின் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத சின்ன இன்ஜினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் கலவையும் அதிகமாகிக் கரும்புகை கக்கும். நான்கு பேர், மேலே கேரியரில் சாமான் என்றால் வண்டி திணறத்தான் செய்யும். ஷாக் அப்சார்பர்கள் அதற்கு முன்பே போயிருக்கும். ஆனால் எடையைக் குறைக்க வேண்டுமென்றால் ஆளில் ஏன் ஆரம்பிக்கிறீர்கள்? ட்ரோன், ட்ரைபாட், சார்ஜர் பெட்டி எல்லாவற்றையும் இறக்குங்கள். ஏற்றத்தில் ஆள் இறங்கி நடப்பான், தள்ளவும் செய்வான். ட்ரைபாட் தள்ளாது.

எந்தக் கார் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: போகிற வழியில் உள்ளவர்களுக்குப் பழக்கமான வண்டி. அதற்கு மேல் அதில் ஆராய்ச்சி வேண்டாம்.

வண்டியை வழியில் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுவோம் என்கிறீர்களே, இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அந்த நிலம் என்ன உங்கள் குப்பைத்தொட்டியா? அந்த நியாயம் உறைக்காவிட்டால் சட்டமாவது உறைக்கட்டும். வேறு நாட்டுக்குள் உங்கள் கார் தற்காலிக அனுமதியில்தான் போகிறது. உள்ளே கொண்டுவந்தவர் வெளியே கொண்டுபோக வேண்டும். கார் இல்லாமல் எல்லைக்குப் போய் நின்றால் கார் எங்கே என்று கேட்பார்கள், இறக்குமதி வரியைக் கட்டச் சொல்வார்கள். ஈரான் வழியாகப் போவதானால் கார்னே என்னும் சுங்க உத்தரவாதக் கையேடும் வேண்டும், அதற்குப் பெரிய தொகையைப் பிணையாக வைக்க வேண்டியிருக்கும். இந்தக் காகித வேலைக்குப் பொறுமை வேண்டும், படிவங்களை வரிக்கு வரி படிக்கிற ஆள் வேண்டும். மூன்று டிரைவர்களில் யார் செய்யப் போகிறீர்கள்?

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வண்டியை வாங்கியதும் நால்வரும் ஏறி ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள். நடுவழியில் நிறுத்தி, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, நன்றாக இருக்கும் பெல்ட்டை வேண்டுமென்றே கழற்றித் திரும்ப மாட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து தொலைக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் யார் யோசனை சொல்கிறான், யார் தூங்குகிறான், யார் டார்ச் பிடிக்கிறான் என்று பாருங்கள். யாரை இறக்கிவிடுவது என்று அதற்கப்புறம் கேளுங்கள்.